மிதித்த கால்

பிப்ரவரி 3

இன்று ஒரு லாரி டிரைவர் என் மேஜைக்கு முன்னால் நின்று சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். இடுப்புக்கு மேல் வரிசையாக மூன்று பிளாஸ்திரி.

"கியர் மாறும்போதெல்லாம் பின்னால எருமை முட்டற மாதிரி இருக்குது சார். நானாப் போட்டா இப்பிடி முட்டாது. தானா மாத்துறேன்னு சொல்லி உசுர எடுக்குது."

அவரை அழைத்து வந்தது எங்கள் மேலாளர் வெங்கடபதி சார். மின்னஞ்சலில் புகார் அனுப்பினால் நான் படித்துவிட்டுப் பதில் எழுதிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். முதுகைக் காட்டினால் பதில் எழுத முடியாது.

எங்கள் ஓசூர் தொழிற்சாலையின் புதிய முப்பத்தோரு டன் லாரியில் கிளட்ச் மிதி கிடையாது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். எப்போது, எப்படி மாற்றுவது என்று எஞ்சினை ஆளும் ஒரு பெட்டி முடிவு செய்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எண்கள் என் பொறுப்பு. ஆக, அந்த எருமை நான்தான்.

"மார்ச் முடியறதுக்குள்ள பட்டு மாதிரி பண்ணிக் கொடுங்க, அருள்தாஸ்" என்றார் வெங்கடபதி சார். பட்டு மாதிரி என்றால் எந்த அளவில் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

பல் வலிக்கிறது. இடது கடைவாய்.

பிப்ரவரி 11

தொப்பூர் ஏற்றம். சேலம் பக்கமிருந்து தருமபுரி நோக்கி ஏழு முறை ஏறினோம். வண்டி நிறையக் கான்கிரீட் கட்டைகள். ஓட்டியவர் மாசிலாமணி, எங்கள் சோதனை ஓட்டுநர். ஓமலூர்க்காரர், வயது ஐம்பத்து நான்கு. கம்பெனிக்கு வருவதற்கு முன் இருபத்தாறு வருடம் நாக்பூர், இந்தூர் என்று லாரி ஓட்டியவர். நான் பக்கத்து இருக்கையில், மடியில் கணினியோடு.

செய்ய வேண்டியதைச் சொன்னால் எளிதாக இருக்கும். கியரைக் கழற்றுவதற்கு முன் எஞ்சினின் இழுவையைத் தளர்த்த வேண்டும். அடுத்த கியருக்கு ஏற்ற சுழற்சிக்கு எஞ்சினைக் கொண்டுவர வேண்டும். கியர் விழுந்ததும் இழுவையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தளர்த்துவதையும் கொடுப்பதையும் சடாரென்று செய்தால் எருமை முட்டும். மெதுவாகச் செய்தால் முட்டாது, ஆனால் அத்தனை நேரமும் வண்டி இழுக்க ஆளில்லாமல் கிடக்கும். சமதரையில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஏற்றத்தில் வண்டியைப் பின்னாலிருந்து மலை பிடித்து இழுக்கும்.

இன்றைக்கு ஏழு முறையும் முட்டியது. மாசிலாமணி பத்துக்கு நாலு போட்டார். அதிலும் ஒரு மார்க் என் முகத்துக்காகப் போட்டதாகச் சொன்னார்.

பிப்ரவரி 12

தண்ணீர் லாரி வரவில்லை. என் மனைவி ஜெசிந்தா குளிக்காமலே பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போனாள், என்னிடம் பேசாமலும்.

பிப்ரவரி 26

இழுவையைத் தளர்த்தும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். நான்காவது ஏற்றத்தில் மாசிலாமணி வண்டியை ஓரங்கட்டி, டீக்கடையில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் டீ வாங்கி, டேஷ்போர்டில் வைத்தார். விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே டீ.

"சிந்துச்சுன்னா நீங்க துடைக்கணும் சார். சிந்தலைன்னா நான் குடிச்சிடுவேன்."

மேலே போய்ச் சேரும்வரை ஐந்து முறை கியர் மாறியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆறிப்போன டீயை அவர் ஒரே மடக்கில் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் வேலையை இப்படி ஒருவர் குடித்துக் காட்டியதில்லை.

எட்டரை போட்டார்.

மார்ச் 6

கணினியில் பதிவான வரைபடக் கோடுகளை உட்கார்ந்து பார்த்தேன். எஞ்சின் கோடு அழகாக இருக்கிறது. ஆனால் ஆக்ஸிலேட்டர் கோட்டில், ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அரை விநாடி முன்னால், ஒரு சின்னப் பள்ளம். கால் லேசாக மேலே வந்து திரும்பக் கீழே போவது போல. வண்டி கியர் மாற்றப்போவது அந்தக் காலுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?

மதியம் மாசிலாமணியைக் கேட்டேன்.

"கியர் மாறும்போது காலை எடுக்கிறீங்களாண்ணே?"

"நான் எதுக்கு சார் எடுக்கிறேன்? மிதிச்ச கால் மிதிச்சபடி இருக்குது. கிளட்ச்சே இல்லாத வண்டியில காலை எடுத்து என்ன பண்ண?"

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. மிதியின் அழுத்தத்தை அளக்கும் உணரி தேய்ந்திருக்கலாம். மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9

உணரியை மாற்றியாயிற்று. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. மின்சார இரைச்சலாக இருக்கும். கோட்டைச் சமப்படுத்தும் வடிகட்டியைக் கொஞ்சம் கூட்டினேன். இப்போது கோடு சுத்தமாக இருக்கிறது. அறிக்கையில் பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

மார்ச் 19

எங்கள் வழக்கப்படி ஒரு வண்டியின் கியர் மென்மையை மூன்று ஓட்டுநர்கள் தனித்தனியாக ஓட்டிப் பார்த்து மார்க் போட வேண்டும். ஒரு தாள், மூன்று கட்டம். ஒருவர் முதுகு சொல்வதை நம்பக் கூடாது என்பதற்காக யாரோ புத்திசாலி வைத்த விதி. இப்போது ஒருவருக்கு அம்மை போட்டிருக்கிறது. இன்னொருவர் மகள் வளைகாப்புக்கு மதுரை போயிருக்கிறார், இருபத்தெட்டாம் தேதிதான் வருவார். தாள் இருபதாம் தேதி மேலே போக வேண்டும்.

வெங்கடபதி சார் என் அறைக்கு வந்து, "தாள் என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். நாலு மணிக்கு மூன்று கட்டங்களும் நிரம்பிவிட்டன. எட்டரை, எட்டு, எட்டரை.

பல் டாக்டரிடம் போகவில்லை.

ஏப்ரல் 2

புதிய மென்பொருள் வெளியானது. முதல் கட்டமாக நாற்பது வண்டிகள். மைசூர்பாகு கொடுத்தார்கள். முதுகைக் காட்டிய டிரைவர் வெங்கடபதி சாருக்குத் தொலைபேசியில், "இப்பத்தான் சார் வண்டி மனுசன் ஓட்டற மாதிரி இருக்குது" என்றாராம். அதை அவர் எல்லோர் முன்னிலையிலும் இரண்டு முறை சொன்னார். நான் இடது பக்கமாக மெல்ல முடியாமல் வலது பக்கத்தில் மென்றேன்.

மே 17

ஒன்றுமில்லை. வெயில். ஜெசிந்தாவின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கால் உடைந்தது, மாற்றி வாங்கி வந்தேன்.

ஜூன் 14

வெங்கடபதி சார் காலை ஆறரைக்கு அழைத்தார். அந்த நாற்பதில் ஒரு வண்டி தொப்பூர் ஏற்றத்தில் பின்னோக்கி உருண்டிருக்கிறது. சிமென்ட் மூட்டை ஏற்றிய வண்டி. பின்னால் மொபெட்டில் வந்தவர் அதே இடத்தில் இறந்துவிட்டார். மாதையன், ஐம்பது வயது, சாமந்திப்பூ வியாபாரி. டிரைவர் சங்ககிரிக்காரர், பெயர் செங்கோடன், இருபத்தேழு வயது. அஜாக்கிரதையாக ஓட்டியதாக வழக்கு.

"வண்டி நினைவுப்பெட்டியில என்ன இருக்குன்னு நீங்க மட்டும் பாருங்க" என்றார். 'மட்டும்' என்ற சொல்லை அழுத்தவில்லை. அழுத்தத் தேவையும் இருக்கவில்லை.

ஜூன் 16

பார்த்தேன். எழுதி வைக்கிறேன்.

செங்கோடனின் ஆக்ஸிலேட்டர் கோடு ஒரு கம்பியை நீட்டிப் பிடித்தது போல இருக்கிறது. முழுக்க மிதித்த கால், மிதித்தபடி. பள்ளம் எங்கேயும் இல்லை.

வண்டி ஏற்றத்தில் வேகம் குறைந்து கீழ் கியருக்கு மாறப் பார்த்திருக்கிறது. இழுவை முழு அளவில் இருந்ததால், நான் வைத்த மெதுவான வேகத்தில் அதைத் தளர்த்தி முடிக்கவே ஒன்றரை விநாடி போயிருக்கிறது. அதற்குள் வண்டி இன்னும் வேகம் இழந்து, போட நினைத்த கியர் பொருந்தாமல் போய், பெட்டி அதற்கும் கீழ் கியரைத் தேடி, அதற்குள் வண்டி நின்று, பின்னால் நகரத் தொடங்கி, எந்தக் கியரும் பொருந்தாமல் நியூட்ரலில் கிடந்திருக்கிறது. அவன் பயந்து இன்னும் அழுத்தியிருக்கிறான். எஞ்சின் கத்தியதே தவிர இழுக்கவில்லை. ஆறு விநாடி. ஒன்பது மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக் கோடு எழும்புகிறது.

மாசிலாமணியின் பழைய பதிவுகளை வடிகட்டி இல்லாமல் மறுபடி திறந்தேன். எல்லாப் பள்ளங்களும் அங்கேயே இருந்தன. அந்தப் பள்ளம் ஒவ்வொன்றிலும் இழுவை பாதியாகக் குறைந்திருக்கிறது, கியர் மாறத் தொடங்கும் முன்பே. பாதி வேலையை அவர் கால் செய்து கொடுத்திருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் நான் எண் எழுதினேன்.

ஜூன் 17

விடுப்பு. பல் வலி என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை.

ஜூன் 20

போலீஸ் கம்பெனியிடம் தொழில்நுட்ப அறிக்கை கேட்டிருக்கிறது. வெங்கடபதி சார் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது மூன்று நாள் வேலூரில் என்னோடு இருந்தவர்.

"பிரேக் மிதிச்சானா?"

"ஆறு விநாடி கழிச்சு மிதிச்சான் சார்."

"வண்டி பின்னால போனா எந்த டிரைவரும் முதல்ல பிரேக் மிதிக்கணுமா வேணாமா?"

"மிதிக்கணும்தான்."

"அப்ப அதை எழுதுங்க. இல்லாததை எழுதச் சொல்லல. நடந்ததை எழுதுங்க. நம்ம பக்கத்தை நாம உடனே சரிபண்ணிடுவோம், இன்னொரு வண்டி உருளாது. அதுக்கு மேல மூணு கட்டத் தாள் வரைக்கும் போக ஆரம்பிச்சா, முதல்ல போறது யாருன்னு உங்களுக்கே தெரியும்."

தாளைப் பற்றி அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எழுதினேன். 'பின்னோக்கி நகரத் தொடங்கியபின் ஓட்டுநர் ஆறு விநாடி வரை பிரேக்கை இயக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முழுமையாக அழுத்திய நிலையில் வைத்திருந்தார்.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கீழே என் கையெழுத்து.

ஜூலை 1

மாசிலாமணியோடு கம்பெனியின் சோதனைத் தளத்தில் இருக்கும் செயற்கை ஏற்றத்துக்குப் போனேன். ஏப்ரலில் வெளியான அதே மென்பொருள், அதே கான்கிரீட் கட்டைகள். பின்னால் யாரும் வராமல் கயிறு கட்டியிருந்தேன். காரணத்தைச் சொல்லாமல், "முழுக்க மிதிங்க, எடுக்கவே எடுக்காதீங்க" என்றேன். என் கைப்பேசியை அவர் கால் பக்கம் வைத்துப் படம் எடுத்தேன்.

மென்மையாக ஏறியது. பட்டு.

இறங்கி நிழலில் நின்று படத்தைக் காட்டினேன். எஞ்சின் சத்தம் ஒரு அளவுக்கு வந்ததும் செருப்புப் போட்ட அந்தக் கால் மேலே வருகிறது, தயங்குகிறது, கீழே போகிறது. மறுபடி. மறுபடி. அவர் மூன்று தடவை பார்த்தார்.

"இது என் கால்தானா சார்?"

"உங்க கால்தான்."

"நான் எடுக்கவே இல்லையே. சத்தியமா எடுக்கல சார். அதுவா எடுக்குது." கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். "இருபத்தாறு வருசம் கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் இதை எடுத்துப் பழக்கம். சத்தம் கேட்டா எந்திரிச்சிடுது போலிருக்கு."

மறுபடி ஏறினோம். எடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். அப்போதும் பாதியில் கால் எழுந்தது. மூன்றாம் முறை அவரே ஒரு வழி சொன்னார். இடது காலால் ஆக்ஸிலேட்டர் மிதிப்பது. இடது காலுக்குக் கிளட்ச் மட்டும்தான் தெரியும், அதற்கு எழுந்திருக்கும் பழக்கம் கிடையாது. கால்களைக் குறுக்காகப் போட்டு, வலது காலைப் பிரேக்குக்கு மேல் வைத்துக்கொண்டார்.

ஏற்றத்தின் நடுவில் கியர் கழன்றது. வண்டி நின்றது. பிறகு பின்னால் போனது. எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு என்று நான் எண்ணினேன். மூன்று என்பதற்குள் அவர் வலது கால் பிரேக்கில் இறங்கிவிட்டது. இத்தனைக்கும் நடக்கப்போவது தெரிந்து உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். என் சட்டை முழுக்க வியர்வை.

அவர் சாவியைத் திருகி அணைத்தார்.

"தொப்பூர்ல அந்தப் பையனுக்கு இதுதானா சார்?"

"ஆமாண்ணே."

"என் ஒருத்தன் கால்தான் இப்பிடி. மத்த ரெண்டு பேரும் ஓட்டிப் பாத்தாங்கள்ல? ஒருத்தருக்குக்கூடவா தெரியல?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் வெளியே கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தேன். "அம்மை போட்டவன் எப்ப சார் ஓட்டினான்?" என்றார் மெதுவாக.

ஜூலை 2

நான்தான் நிரப்பினேன். இரண்டாம் கட்டத்தில் எட்டு, மூன்றாம் கட்டத்தில் எட்டரை. மூன்றாவதற்கு வேறு பேனா எடுத்தேன். இதை எங்கேயாவது ஒரு இடத்திலாவது எழுதி வைக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பள்ளம் இரைச்சல் இல்லை என்றும் எனக்குத் தெரியும். மார்ச் 9-ஆம் தேதியே தெரியும். மின்சார இரைச்சல் கியர் மாறும் நேரம் பார்த்து வராது.

ஜூலை 18

திருத்திய மென்பொருளை நாற்பது வண்டிகளுக்கும் ஏற்றியாயிற்று. ஏற்றத்தில் இழுவை முழு அளவில் இருந்தால் இனி வேகமாகத் தளர்த்தும். கொஞ்சம் முட்டும், ஆனால் நிற்காது. சுற்றறிக்கையில் 'வழக்கமான மேம்பாடு' என்று போட்டிருக்கிறார்கள். அம்மையிலிருந்து எழுந்தவரும் மதுரை போய் வந்தவரும் மாசிலாமணியும் தனித்தனியாக ஓட்டினார்கள். முதல் இருவர் போட்ட மார்க் ஏழு, ஆறரை. மாசிலாமணி கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். இனிமேல் மார்க் போடுவதில்லை என்கிறார். என்னோடு பேசுவதும் இல்லை.

ஆகஸ்ட் 22

பல்லைப் பிடுங்கியாயிற்று. வேர்வரை சீழ் என்றார் டாக்டர். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாமாம்.

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி அவளுக்குப் புரியாத அளவுக்கு வாய் கோணியது. முடிந்ததும் அவள் கேட்டாள்.

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

"ஜாமீன்ல இருக்கான். வீட்டுல."

"அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப என்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?"

செப்டம்பர் 30

குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. அதில் என் அறிக்கை ஒரு சான்று.

கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பள்ளம், வடிகட்டி, தாள், இடது கால் சோதனை, எல்லாம். நாலு பக்கம் வருகிறது. யாருக்கு என்று மேலே எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது.

அக்டோபர் 19

கடிதம் முடிந்தது. கோடுகளின் அச்சுப்படிகளை இணைத்தேன். வெங்கடபதி சாரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் போய்விட்டது. தீபாவளி முடியட்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 8

சங்ககிரி. கடிதத்தின் ஒரு பிரதியோடு போனேன். முதலில் அவனிடம், பிறகு அவன் வக்கீலிடம். ஜெசிந்தாதான் அந்த வரிசையைச் சொன்னாள்.

ஒற்றை அறை வீடு. செங்கோடன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. அரிசி ஆலையில் மூட்டை இறக்குகிறான். என் பெயரைச் சொன்னதும் முகம் வெளுத்தது, ஏதோ இன்னொரு வழக்கு என்று நினைத்துவிட்டான். அவன் மனைவி மைதிலி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்க இந்த வண்டியச் செய்யறவங்கதானுங்களே சார்?"

"ஆமாப்பா. கியர் மாறுற வேலை என்னோடதுதான்."

"அப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க." தரையில் உட்கார்ந்திருந்தவன் முழங்காலைக் கட்டிக்கொண்டான். "அஞ்சு மாசமா அதையேதான் யோசிக்கறேன். சாப்பிடறப்பவும் அதுதான், மூட்டை தூக்கறப்பவும் அதுதான். அன்னிக்கு நான் என்ன பண்ணியிருந்தா வண்டி நின்னுருக்கும், சார்?"

இதற்கு ஒரு பதில் எனக்குத் தெரியும். உலகத்தில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தேன். கடிதத்தின் முதல் வரியைத்தான் சொல்ல நினைத்தேன்.

"காலை எடுத்திருக்கணும்" என்றேன். "ஆக்ஸிலேட்டர்ல இருந்து ஒரு நொடி காலை எடுத்திருந்தா கியர் விழுந்திருக்கும்."

அது உண்மை. அதற்கு அடுத்த வாக்கியத்தைச் சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதற்குள் அவன் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டான். ஐந்து மாதமாகத் தேடியது கையில் கிடைத்த மாதிரி வேகவேகமாக ஆட்டினான்.

"அதானுங்க. அதானுங்க சார். நான் மிதிச்சுக்கிட்டே இருந்தனுங்க. ஏற மாட்டேங்குதேன்னு பயந்து இன்னும் மிதிச்சேன். என் கால்தான்." மனைவி பக்கம் திரும்பினான். "கேட்டியா மைதிலி? நான் சொன்னன்ல? இன்ஜினீயரே சொல்லிட்டாரு."

அவள் டீ போடப் போனாள். அவன் முகத்தில் ஒரு அமைதி வந்திருந்தது. அதைக் கலைக்க மனம் வரவில்லை என்று எழுதலாம். எழுதினால் அதுவும் வடிகட்டிதான். எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டு, கடிதத்தை வெளியே எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஜெசிந்தா கேட்டதற்கு, நாளை மறுநாள் விசாரணை, வக்கீலை அங்கேயே பார்த்துக் கொடுத்துவிடுவேன் என்றேன்.

நவம்பர் 10

தருமபுரி கோர்ட்டு. ஒன்பதே காலுக்கே போய்விட்டேன். வக்கீல் பத்தரைக்கு வந்தார், கையில் எட்டு வழக்குக் கட்டுகளோடு. செங்கோடனுக்காக லாரி உரிமையாளர் வைத்த வக்கீல். உறையை நீட்டினேன். பிரிக்காமலே கேட்டார்.

"என்ன சார் இது?"

"கம்பெனி அறிக்கையில விட்டுப்போன விவரம்."

"இப்ப எதுக்கு சார் அதெல்லாம்? அவன் நேத்து சாயங்காலம் போன் பண்ணினான். குத்தத்தை ஒத்துக்கறேங்கறான். இவ்வளவு நாளா எனக்குத் தெரியலைன்னு சொல்லிட்டிருந்தவன், இப்பத் தெளிவா இருக்கான். வயசைப் பாத்து அபராதத்தோட விட்டுடுவாங்க. கேஸை இழுத்தா அஞ்சு வருசம் அலையணும். அவனுக்குத் தாங்குமா?"

"இல்ல, இதைப் படிச்சீங்கன்னா..."

"அடுத்த கேஸ் நம்மளோடது" என்று உறையை என் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மாதையனின் மனைவியும் ஒரு மகளும் எனக்கு முன் வரிசையில் இருந்தார்கள். மகளின் கையில் அப்பாவின் ஆதார் அட்டை, எதற்கென்று தெரியவில்லை.

செங்கோடன் கூண்டில் ஏறினான். நல்ல சட்டை போட்டிருந்தான். நீதிபதி, யாராவது மிரட்டி ஒப்புக்கொள்ளச் சொன்னார்களா, விளைவு தெரியுமா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். யோசித்துச் சொல்லலாம், அவசரமில்லை என்றும் சொன்னார். அந்த நேரத்தில் நான் எழுந்து நின்றிருந்தால் போதும். ஒரு சேவகர் வந்து என்னவென்று கேட்டிருப்பார். அதற்குமேல் எல்லாம் தானாக நடந்திருக்கும்.

"யாரும் சொல்லலீங்கய்யா" என்றான் செங்கோடன். "என் தப்புதான். காலை எடுத்திருக்கோணும், எடுக்கல. வண்டி செஞ்ச இன்ஜினீயரே வீட்டுக்கு வந்து சொன்னாருங்க."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை.

ஆறு மாதம் சிறை. ஓர் உயிர் போயிருப்பதால் அபராதத்தோடு விட முடியாது என்றார் நீதிபதி. வக்கீல் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார்.

வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களோடு, பின்னால் மைதிலி வர, அவன் என்னைக் கடந்து போனான். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"வந்தீங்களா சார். ரொம்ப நன்றிங்க. இவளுக்கு இந்த ஊரு தெரியாது. பஸ் ஏத்தி மட்டும் விட்டுருங்க."

பேருந்து நிலையம்வரை மைதிலி எனக்கு ஒரு அடி பின்னாலேயே நடந்து வந்தாள். சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். வண்டி கிளம்புகிற நேரத்தில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழாத குரலில் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு மொகத்தைப் பாத்தீங்களா சார்? அப்பன் போயிட்டாரு. இவரு பண்ணினதுக்கு ஆறு மாசம் கம்மிதானுங்களே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.